நான் இல்லாத பகல்

போன தை மாதக் கடைசியில் ஒரு பகல் முழுவதும் நான் என் வீட்டில்தான் இருந்திருக்கிறேன். மிளகு உதிர்த்திருக்கிறேன், சோறு வடித்திருக்கிறேன், சிரித்திருக்கிறேன், அழுதுகூட இருக்கிறேன். எல்லாம் பிறர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் பகலில் ஒரு கைப்பிடிகூட என்னிடம் இல்லை.

"மங்கலாவாவது ஞாபகம் இருக்குமே?" என்று கேட்பவர்களிடம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மங்கலாகத் தெரியவும் ஏதாவது ஒன்று இருக்க வேண்டுமே. விடிந்ததும் தொட்டித் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றியது நினைவிருக்கிறது. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; எங்கள் குண்டனி நாட்டில் தை மாதத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று குளித்தவர்களுக்குத்தான் தெரியும். வெந்நீர் வைத்துக் குளி என்று என் வீட்டுக்காரர் கத்தாத நாளில்லை, நான் கேட்ட நாளுமில்லை. அடுத்து நினைவிருப்பது, பொழுது சாயும் நேரம் குழாயடியில் நான் கை கழுவிக்கொண்டிருப்பதும், அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு என்ன கிழமை புள்ள?" என்று கேட்பதும். இரண்டுக்கும் நடுவில் இருட்டு கூடக் கிடையாது. தலையில் விழுந்த தண்ணீரும் கையில் விழுந்த தண்ணீரும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

"செவ்வாய். ஏனுங்க, பேங்க் வேலை முடிஞ்சுதுங்களா? அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்றேன். அவர் அன்று காலை முதல் பஸ்ஸில் சேந்தமங்கலம் போயிருந்தார். என் பதிலைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்கு முன்னால் அதே குழாயடியில், "நீங்க எப்ப வந்தீங்க?" என்று நான் பல தடவை கேட்டிருந்தேனாம்.

மறுநாள் நாமக்கல்லுக்குக் கூட்டிப் போனார். தலையைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இளம் வயதுப் பெண், பயப்பட ஒன்றுமில்லை என்றார். "பாத்தது, கேட்டது எல்லாம் உள்ள போகும்மா. ஆனா தங்காது. ஓட்டைப் பானையில ஊத்தற மாதிரி. சில பேருக்கு அதுக்கு முந்தின சில வருஷமும் சேந்து அன்னிக்கு மட்டும் காணாமப் போயிருக்கும். தெளிஞ்சதும் பழசெல்லாம் திரும்பி வந்துரும். அந்தப் பகல் மட்டும் வராது." ரொம்பக் குளிர்ந்த தண்ணீர், பெரிய சுமை, அதிர்ச்சி, எதில் வேண்டுமானாலும் இப்படி ஆகலாம், பெரும்பாலும் மறுபடி வராது என்றும் சொன்னார். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்றிலிருந்து எனக்கு வெந்நீர்தான்.

நான் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. காலையில் பெயர் கூப்பிடும்போது, ஜன்னலுக்கு வெளியே குரங்கு பலாமரம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லும் பிள்ளைகள் என்னிடம் நிறையப் பேர் படித்திருக்கிறார்கள். வாய் வகுப்பில் இருக்கும், ஆள் மரத்தில் இருப்பான். அவர்களைக் காதைப் பிடித்துத் திருப்பிக் கீழே கொண்டு வருவது என் தினப்படி வேலையாக இருந்தது. என்னை யாரும் அப்படிக் காதைப் பிடித்துத் திருப்பாமல் போனதுதான் வேடிக்கை.

அதற்குக் காரணம் என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரருடைய தம்பி மனைவி. மிளகு அறுப்புக் காலத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் மாற்று வேலை. இன்றைக்கு என் மிளகுக்கு அவள் வருவாள், நாளைக்கு அவள் மிளகுக்கு நான் போவேன். கொடியிலிருந்து பறித்து வந்த சரத்தைப் பாயில் பரப்பி, காலால் மிதித்து மிதித்து மணியை உதிர்ப்பது. அன்று என் முறை. காலையிலிருந்து என்னோடு பாயில் நின்றவள் அவள்தான்.

அந்தக் கதையை அவள் ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. என்னிடமே ஏழெட்டுத் தடவை சொல்லியிருக்கிறாள். "பாய் விரிச்சது யாருன்னு கேட்டீங்க. நானுங்கக்கான்னேன். ரெண்டு மிதி மிதிச்சுட்டு, பாய் விரிச்சது யாருன்னு மறுபடி கேட்டீங்க. நானுங்கக்கான்னேன். மூணாவது தடவை கேக்கவும் எனக்கு வெடுக்குன்னு ஆயிருச்சு. சரி, கோணலா விரிச்சுட்டேனாட்டருக்குது, அதத்தான் டீச்சரு சொல்லாம சொல்றாங்கன்னு, கீழ எறங்கி பாயை நேரா இழுத்து உட்டேன்."

அவளைக் குறை சொல்ல முடியாது. சரியான பதில் வரும்வரை முகம் மாறாமல் ஒரே கேள்வியைக் கேட்பது என் பழைய பழக்கம். வீட்டிலும் அது போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் முதல் பால்காரர் வரை என் பரீட்சையில் தோற்றவர்கள்தான். மூளை ஓட்டையானதுகூட என் குணத்தோடு பொருந்திப் போயிருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவள் கதை எப்போதும் உச்சிப்பொழுதோடு நின்றுவிடும். "அப்பறம் சோத்து நேரமாச்சு, நான் எங்கூட்டுக்குப் போயிட்டேன்" என்பாள். சாப்பாட்டு நேரத்தில் என் வீட்டைவிட்டு அவள் போனதாக நான் பார்த்ததே இல்லை. அதைக் கேட்டால் உடனே பேச்சை மாற்றுவாள்.

இரண்டு வாரம் கழித்து, அவள் வீட்டுப் பாயில் மிதித்துக்கொண்டிருந்தபோது அவளே வாயை விட்டாள். "ஏனுங்க்கா, கல்யாணத்துக்கு என்ன சேலை கட்டறீங்க?"

"எந்தக் கல்யாணம்?"

அவள் கால் நின்றது. முகம் பேயறைந்தது போல ஆயிற்று. நான் விடவில்லை. கேட்டதையே கேட்டேன். நான்காவது தடவையில் அவள் அழும் குரலில் சொன்னாள். "உங்க தம்பி பொண்ணு கல்யாணமுங்க. அன்னிக்கு உச்சிக்கு அவரு வந்தாரல்லங்க. வெத்தல பாக்கு கொண்டாந்தாரு. நீங்கதான் உள்ள கூப்புட்டு எலை போட்டீங்க. அவரு கை நனைக்கறதப் பாத்துட்டுத்தான், அக்காளும் தம்பியும் பேசட்டும்னு நான் எங்கூட்டுக்குப் போனேன்."

என் தம்பி ஆறு வருஷமாக என் வாசல் மிதித்ததில்லை. நானும் அவன் வாசல் மிதித்ததில்லை.

எங்கள் பக்கம் ஒருவர் வீட்டில் சாப்பிடுவதைக் கை நனைப்பது என்போம். சாதாரண உபசாரம்தான், யார் வந்தாலும் கை நனைத்துவிட்டுப் போங்கள் என்பதுதான். ஆனால் பகை வந்துவிட்டால் அதுவே பெரிய பூட்டாகிவிடும். இன்னார் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால், தாகத்துக்குத் தண்ணீர்கூட வாங்க முடியாது. அதே போல ஒரு நாள் கை நனைத்துவிட்டால் பகை அன்றோடு முடிந்தது. அதற்குப் பிறகு பழைய சண்டையை யாரும் எடுக்கக் கூடாது. சமாதானம் ஆனதே நல்லது என்று பாராட்டிக்கூடப் பேசக் கூடாது. என் ஓரகத்தி ஊரெல்லாம் பேசியும் இதை மட்டும் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டிருந்தது அதனால்தான்.

"எனக்கு உடம்பு சரியில்லாதப்ப நடந்ததுன்னு உனக்கு அன்னிக்கு ராத்திரியே தெரியுமல்ல? சொல்ல வேண்டாமா?" என்று கேட்டேன்.

"நோவுல கூப்புட்டீங்களா, மனசாரக் கூப்புட்டீங்களான்னு எனக்கென்னங்க்கா தெரியும்? கை நனைச்சாச்சு. அதுக்கு மேல நான் பேசலாமுங்களா?"

வீட்டுக்கு வந்து தேடினேன். சாமி மாடத்தில், விளக்குக்குப் பின்னால், வலது மூலையில் வெற்றிலை காய்ந்து சருகாகிக் கிடந்தது. இரண்டு வாரமாக முன்னாலிருக்கும் விளக்கை ஏற்றியவள் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை. யார் அழைப்பு வைத்தாலும் நான் அங்கேதான் வைப்பேன், அந்த மூலையில்தான், காம்பு உள்பக்கமாக. என் தம்பியை என் அனுமதியில்லாமல் வீட்டுக்குள் கூப்பிட்டவள் என் பழக்கத்தில் ஒன்றைக்கூட விடவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

சண்டை அம்மாவால் வந்தது. அம்மா எடப்புளி நாட்டில், நாங்கள் பிறந்த வீட்டில், தம்பியோடு இருந்தாள். கடைசி வருஷம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. "என்ன ஆனாலும் என்னை மலைய உட்டு எறக்காதீங்க" என்று எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தாள். ஒருமுறை அல்ல, பார்க்கும்போதெல்லாம் சொன்னாள். நான் சரி என்றேன். தம்பியும் சரி என்றான். ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் பார்த்து, அவள் மூச்சு இழுப்பதைப் பார்க்க முடியாமல், ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டு போனான். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூட இறங்கவில்லை. வளைவிலேயே போய்விட்டாள்.

எனக்கு ஃபோனில்தான் சேதி வந்தது. வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஜீப்பிலிருந்து அவளை இறக்கும்போது சொன்னேன். "இனி உன் ஊட்டுல நான் கை நனைக்க மாட்டேன். என் ஊட்டுல நீயும் நனைக்காதே." அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அன்றிலிருந்து அம்மாவின் சாவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அம்மா முகம் வருவதில்லை, அந்தக் குனிந்த தலைதான் வரும்.

அப்படிப்பட்டவனுக்கு நான் சோறு போட்டிருக்கிறேன். சண்டை இருந்தாலும் கல்யாணம் என்றால் கூடப்பிறந்தவளுக்குத்தான் முதல் வெற்றிலை. அதை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போவது முறை. அதற்குத்தான் வந்திருப்பான். டாக்டர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்னாலிருந்த சில வருஷமும் அன்று என்னிடம் இல்லை. எனக்குச் சண்டை நடந்ததே தெரிந்திருக்காது.

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மிளகுச் சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். ஆச்சரியப்பட்டது போலத் தெரியவில்லை. அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

"அது நான் இல்லைங்க" என்றேன்.

"கை உன்னுது. சோறு உன்னுது. ஊடு உன்னுது. வேற யாரு புள்ள?"

"கோபம் என்னுதுங்க. அது அன்னிக்கு இல்லையே."

அவர் ஊசியை வாயிலிருந்து எடுத்தார். "அப்ப கோபந்தான் நீயா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தைக்கப் போய்விட்டார்.

இந்த மனிதர் வருஷத்துக்கு ஒரு தடவைதான் இப்படி எதையாவது சொல்வார். சொல்லிவிட்டு அதை மறந்துவிடுவார். நான்தான் வாரக்கணக்கில் தூக்கிச் சுமக்க வேண்டும்.

சுமந்தேன். காலையில் கண் விழிக்கும்போது என்னை நானே கவனிக்க ஆரம்பித்தேன். விழித்த உடனே நான் யாராகவும் இல்லை. ஓட்டுச் சந்து வழியாக வெளிச்சம் தெரியும், சேவல் கூவுவது கேட்கும், போர்வை கனமாக இருக்கும், அவ்வளவுதான். அதை யாரோ பார்க்கிறார்கள், ஆனால் பார்ப்பவருக்குப் பெயர் இல்லை, வயசு இல்லை, டீச்சர் இல்லை. பிறகு ஒவ்வொன்றாக வரும். இது என் வீடு. முழங்கால் வலிக்கிறது. இன்று ஓரகத்தி வீட்டு மிளகு. அம்மா இல்லை. தம்பி. அந்தக் கடைசிச் சொல் வந்து உட்கார்ந்ததும் தாடை இறுகும். அதுவரை இறுகாத தாடை. தினமும் காலையில் அந்தக் கோபம் எங்கிருந்தோ நடந்து வந்துதான் என்னிடம் சேர்கிறது என்பது அறுபது வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

அது வருவதற்கு முன்னால் படுத்திருந்தவள் யார்? அவள் நான் இல்லை என்றால், தினமும் என் படுக்கையில் வேறொருத்தி தூங்கி எழுகிறாள் என்றாகும். அவள்தான் நான் என்றால், தம்பிக்கு இலை போட்டவளும் நான்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் உறுத்தியது. அன்று பாயில் நான் ஏதோ சொல்லி விழுந்து விழுந்து சிரித்தேனாம். ஓரகத்திக்கும் என்ன சொன்னேன் என்று நினைவில்லை, சிரித்தது மட்டும்தான் நினைவிருக்கிறது. அந்தச் சிரிப்பு எனக்கு இனித்திருக்குமா? சிரித்த நேரத்தில் இனித்திருக்கத்தான் வேண்டும். மறந்துபோனதால் இனிக்கவில்லை என்று சொல்ல முடியுமா? சின்னப் பிள்ளையில் சிரித்தது ஒன்றும் எனக்கு நினைவில்லை. அதற்காக அந்தப் பிள்ளை சந்தோஷமாக இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நினைவு இருந்தால்தான் இருந்தேன் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டது.

அன்று உதிர்த்த மிளகைத் தேடிப் பார்த்தேன். அதை அடுத்த முறை உதிர்த்த மிளகோடு சேர்த்துக் காயப்போட்டு மூட்டையும் கட்டியாயிற்று. கையை விட்டு அள்ளிப் பார்த்தேன். எது நான் இருந்து உதிர்த்தது, எது நான் இல்லாமல் உதிர்த்தது என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

ஆனாலும் மனசு ஆறவில்லை. தம்பி பாவம், அக்கா மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருப்பான். கல்யாணத்துக்கு அத்தை வருவாள் என்று ஊரில் சொல்லியிருப்பான். நான் மன்னிக்கவில்லை. ஒரு ஓட்டைப் பானை மன்னித்ததை வைத்துக்கொண்டு அவன் பந்தல் போடக் கூடாது. நேரில் போய், அது நான் இல்லை, நான் சொன்ன சொல் அப்படியேதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருவது என்று முடிவு செய்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "போயிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

செம்மேட்டில் பஸ் மாறி எடப்புளிப் பக்கம் போனேன். ஆறு வருஷமாக அந்த பஸ்ஸில் ஏறியதில்லை. ரோடு கொஞ்சம் அகலமாகியிருந்தது. மரவள்ளிக் காடு இருந்த இடத்தில் புதிதாக ஒரு கடை. இறங்கி நடந்தபோது, என்ன சொல்வது என்பதை வகுப்புக்குப் பாடம் தயாரிப்பது போல மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

தம்பி வாசலில் மூங்கிலைச் சீவிக்கொண்டிருந்தான். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. என்னைவிடப் பத்து வயது சின்னவன். இடுப்பில் தூக்கி வளர்த்தவன். என்னைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். வாங்க என்று சொல்ல வாய் திறந்தான், ஆனால் சொல்லவில்லை. என் முகத்தைத்தான் ஆராய்ந்தான். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து, என் கையில் தராமல், பக்கத்துத் திட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

நான் சொம்பைத் தொடவில்லை. நின்றபடியே சொன்னேன். "அன்னிக்கு எங்கூட்டுல நீ கை நனைச்சது கணக்கில்லே. எனக்குத் தலைக்குள்ள ஏதோ ஆயிருச்சு. அது நான் இல்லை. நீ தப்பா நெனச்சுக்கக் கூடாதுன்னுதான் நேர்ல சொல்ல வந்தேன்."

"தெரியுங்க்கா" என்றான்.

தயாரித்து வந்த பாடம் அதோடு நின்றுபோயிற்று. "என்ன தெரியும்?"

அவன் மூங்கில் கட்டின்மேல் உட்கார்ந்தான். நானும் திட்டில் உட்கார்ந்தேன். தண்ணீர்ச் சொம்பு எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது.

"வெத்தலைய வாசல்ல வெச்சுட்டுப் போயிரலாம்னுதான் வந்தனுங்க்கா. நீங்க ஓடியாந்து கையப் புடிச்சு, 'ஏன்டா அசலாராட்டம் நிக்கற, உள்ள வா சாமி'ன்னீங்க. எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. புள்ள கல்யாணத்துக்காவது அக்கா மனசு எறங்கிருச்சேன்னு நெனச்சேன். சோறு போட்டீங்க. தின்னேன். கை கழுவிட்டு வாரேன், 'அம்மாவை ஏன்டா கூட்டியாரலை?'ன்னு கேட்டீங்க."

"அம்மாவையா?" என்றேன்.

"நீங்க குத்தலாக் கேக்கறீங்கன்னுதான் மொதல்ல நெனச்சேன். மூஞ்சியப் பாத்தாத் தெரிஞ்சிருச்சு, குத்தல் இல்லேன்னு. அம்மா போயிருச்சுங்க்கான்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றதுன்னு தெரியலைங்க. நீங்க அப்பத்தான் கேக்கறாப்பல ஓன்னு அழுதீங்க. எப்படிறா, எங்கடான்னு கேட்டீங்க. ஜீப்புல, வளைவுலன்னு எல்லாஞ் சொன்னேன். நான் எறக்கிட்டுப் போனதையும் சொன்னேன். ஒண்ணுகூட ஒளிக்கலை."

"நான் என்ன சொன்னேன்?"

அவன் மூங்கில் சிராய் ஒன்றை எடுத்து ஒடித்தான். "தனியாவாடா போச்சுன்னு கேட்டீங்க. இல்லீங்க்கா, என் மடியிலதான் தலை இருந்துச்சுன்னேன். 'நல்லவேளை, நீ இருந்தே சாமி. நீ ஒருத்தனாப் பாத்தியே'ன்னு என் தலையத் தடவி உட்டீங்க."

ஆறு வருஷத்தில் அம்மா யார் மடியில் போனாள் என்று நான் கேட்டதே இல்லை. இறக்கிக் கொண்டு போனாயே என்று மட்டும்தான் எனக்குத் தெரியும்.

"கொஞ்ச நேரங்கழிச்சு மறுபடியும் அம்மா எங்கன்னு கேட்டீங்க. எனக்கு அப்பத்தான் ஒடம்புக்குத்தான் ஏதோ ஆயிருச்சுன்னு பட்டுது. இருந்தும் ரெண்டாவது தடவையும் உள்ளதைத்தான் சொன்னேன். இந்தத் தடவை திட்டுவீங்கன்னு பாத்தேன். திட்டலை. அதே அழுகை, அதே பேச்சு. நல்லவேளை நீ இருந்தேன்னீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மூணாவது தடவை கேக்கவும் எனக்குத் தெம்பில்லைங்க்கா. உங்களை எத்தன தடவ அழ உடறது. ஊட்டுல தூங்குதுன்னு சொல்லிட்டேன். 'செரி, எழுப்பாதே'ன்னு சொல்லிட்டு மெளகு மிதிக்கப் போயிட்டீங்க."

அப்புறம்தான் என் வீட்டுக்காரருக்கு அவன் ஃபோன் செய்திருக்கிறான். அவர் சேந்தமங்கலத்தில் வேலையைப் போட்டுவிட்டு வந்து சேரும் வரை தம்பி எங்கள் வேலிக்கு வெளியே, பலாமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். எதிரில் இருந்தால் நான் மறுபடி அம்மாவைக் கேட்பேன்; விட்டுப் போனால் நான் எங்காவது இறங்கி நடந்துவிடுவேன். அதனால் நான் பார்க்காத இடமாக, என்னைப் பார்த்துக்கொண்டு. என்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டதும் அவன்தான். சொன்னால் அம்மா சேதியை மூன்றாம் தடவை சொன்னது போல ஆகிவிடுமாம். சாக்குத் தைத்துக்கொண்டு கோபந்தான் நீயா என்று கேட்ட மனிதர் எல்லாம் தெரிந்துதான் கேட்டிருக்கிறார்.

"நீங்க சொல்றது ஞாயந்தானுங்க்கா" என்றான் தம்பி. "அது நீங்க இல்லீன்னா, இல்லைதான். வெத்தலை எடுத்துட்டு வாரேன். இப்பப் புதுசா அழைக்கறேன். வாரதும் வராததும் உங்க இஷ்டம்."

அவன் எழுந்து உள்ளே போனான். நான் திட்டில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவை மலையைவிட்டு இறக்கியது தப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான். ஆனால் அந்தச் சேதியை அன்று நான் முதல் தடவையாகக் கேட்டிருக்கிறேன், அதுவும் இரண்டு தடவை. ஆறு வருஷத்துக் கோபம் பக்கத்தில் இல்லாமல் கேட்டபோது, என் வாயில் முதலில் வந்த கேள்வி அம்மா தனியாகப் போனாளா என்பது. அதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்படிக் கேட்டவளை அது நான் இல்லை என்று சொல்லித் தள்ளுவதற்குத்தான் பஸ் ஏறி வந்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பகலில் இருந்தவளைப் பார்க்க முடியாமல் போயிற்றே என்று ஏக்கமாக இருந்தது.

தம்பி தட்டில் வெற்றிலை பாக்கோடு வந்தான். நான் தட்டை வாங்காமல் கேட்டேன்.

"அம்மா தனியாவாடா போச்சு?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. தட்டைத் திட்டில் வைத்துவிட்டு, என் முன்னால் குந்தி, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "அக்கா, இன்னிக்கு என்ன கிழமைங்க?"

"வெள்ளி. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

என் கண்ணை உற்றுப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "இல்லீங்க்கா. என் மடியிலதான்."

அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று தானாக வந்தது, இன்று வர மறுத்தது. நரைத்த அந்தத் தலையில் கையை வைத்தேன். வைத்த பிறகுதான் சொல் வந்தது.

"நல்லவேளை, நீ இருந்தே சாமி."

அவன் என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். ஐம்பது வயது ஆள், சின்னப் பிள்ளை மாதிரி குலுங்கிக் குலுங்கி அழுதான். நான் அழுதேனா என்று கேட்டால், அழுதேன். இது நன்றாக நினைவிருக்கிறது. அழுது முடித்ததும் பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். பிறகு மிச்சத்தில் கையைக் கழுவிக்கொண்டு, "எலையப் போடுடா, பசிக்குது" என்றேன்.